கோச்சி வந்தால் கட்டடம் எவ்வளவு ஆடும்? கட்டுவதற்கு முன்னரே கணக்குப் போடும் வழி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்ட கையோடு கோச்சியைப் பற்றியும் கேட்பார்கள். வீட்டுக்காரர் சொல்கிற பதில் எங்கேயும் ஒன்றுதான்: "இரண்டு கிழமையில் பழகிப்போகும்." சத்தம் பழகிப்போகும் என்பது உண்மை. ஆனால் இரவில் கட்டிலில் படுத்திருக்கும்போது முதுகுக்குக் கீழே வருகிற அந்த மெல்லிய நடுக்கம் எல்லோருக்கும் பழகுவதில்லை. வயதானவர்களுக்கு அது பயமாகவே நின்றுவிடுகிறது, சுவரில் ஒரு கீறல் தெரிந்தால் போதும், அன்றிலிருந்து ஒவ்வொரு ரயிலும் வீட்டை இடிக்க வருகிற மாதிரித்தான் இருக்கும்.

இந்த நடுக்கம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே ஓரளவு சரியாகச் சொல்ல முடியும். ரயில் பாதைக்குப் பக்கத்தில் கட்டடம் வடிவமைக்கிற இளம் பொறியியலாளர்கள், இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுத்திருக்கிற பிள்ளைகள், தொடர்மாடிக் குழுவில் இருந்துகொண்டு "இது ஆபத்தா இல்லையா" என்று அயலவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். கணக்கு வரும், ஆனால் ஒரு கல்குலேட்டர் இருந்தால் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் இந்த வேலையை மென்பொருளைத் திறந்து கட்டடத்தின் முப்பரிமாண மாதிரி வரைவதில் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை இரண்டு இருக்கின்றன: பாதையில் எது தட்டுகிறது, உங்கள் தளம் தன் இயல்பில் செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுகிறது. இந்த இரண்டும் தெரியாமல் போடுகிற மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் 10 டெசிபெல் பிழைத்துப்போவது சாதாரணம். 10 டெசிபெல் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு!

பாதையில் எது தட்டுகிறது

ரயில் தரையை ஆட்டுவது ஒரே காரணத்தால் அல்ல. அச்சின் பாரம் நகரும்போது தரை கொஞ்சம் அமிழ்ந்து எழுகிறது, இது பாதைக்கு மிக அருகில், நடைமேடை விளிம்பில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். சக்கரத்திலும் தண்டவாளத்திலும் உள்ள தேய்மானம், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம், தொடர்ச்சியான நடுக்கத்தைத் தருகிறது. சிலிப்பர் கட்டைக்கு மேலே தண்டவாளம் விறைப்பாகவும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் இளக்கமாகவும் இருப்பதால் ஒவ்வொரு சக்கரமும் கட்டைக்குக் கட்டை ஒரு தாளம் போட்டுக்கொண்டே போகிறது. இவற்றுக்கெல்லாம் மேலே மூட்டுகளும் கிளைப்பாதை பிரிகிற இடங்களும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் அதன் விளிம்பில் ஒரு தட்டையான இடம் விழுந்துவிடும், அப்புறம் அந்தச் சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுத்தியல் அடிதான்.

எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம்: வேகத்தைத் திரும்பத் திரும்ப வரும் தூரத்தால் வகுத்தால் அதிர்வெண் வரும், அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை என்பது, அதன் அலகு ஹேர்ட்ஸ். மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 11.1 மீற்றர். சிலிப்பர் இடைவெளி 60 சென்றிமீற்றர் என்றால் 11.1 ஐ 0.6 ஆல் வகுக்க 18.5 ஹேர்ட்ஸ். பெட்டிக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகி ஒன்றின் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2.5 மீற்றர் என்றால் 4.4 ஹேர்ட்ஸ். 90 சென்றிமீற்றர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 2.83 மீற்றர், அதில் தட்டை விழுந்திருந்தால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட நான்கு அடி. வேகம் 60 ஆனால் சிலிப்பர் தாளம் 27.8 ஆகிறது, 30 ஆகக் குறைந்தால் 13.9, 20 என்றால் 9.3. உங்கள் இடத்துக்கு உங்கள் வேகங்களைப் போட்டு இப்படி ஒரு சின்ன அட்டவணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

வேகத்தை அளப்பதற்குக் கருவி வேண்டாம். பாதைக்கு வெளியே பாதுகாப்பாக நின்று, ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிவைத்து, ஒரு பெட்டி அதைக் கடக்க எவ்வளவு நேரம் என்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பெட்டியின் நீளம் 20 மீற்றர், கடக்க 1.8 செக்கன் என்றால் வேகம் 40. சிலிப்பர் இடைவெளியையும் நடைமேடையில் நின்றபடியே எண்ணிக் கணக்கிடலாம். தயவுசெய்து டேப்பைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்காதீர்கள். கரையோரப் பாதையில் கடல் இரைச்சலில் பின்னால் வருகிற ரயிலின் சத்தம் கேட்காமல் போவதுண்டு, எந்த அளவீடும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சில சிலிப்பர்களுக்குக் கீழே சல்லிக்கல் வெள்ளைப் பொடி பூத்த மாதிரித் தெரியும். அந்தச் சிலிப்பர் சல்லியில் சரியாக உட்காராமல் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே இறங்கிக் கல்லை அரைக்கிறது என்று அர்த்தம். மூட்டுக்குப் பக்கத்திலும் பால முனைகளிலும் இது அதிகம் வரும். அப்படி ஒரு இடம் உங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே இருந்தால், 20 மீற்றர் தள்ளி எடுத்த அளவீடு உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தாது.

உங்கள் தளம் எப்படி ஆடும்

என் நண்பன் ஒருவனின் அம்மா பாதையோரத் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தார். ஒருநாள் அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் பாடம்: "தம்பி, விரைவா ஓடிப் போறதுக்கு ஒண்டும் தெரியேல்லை, மெதுவா வாறதுதான் கட்டிலை ஆட்டுது." வேகம் கூடினால் அதிர்வும் கூடும் என்று படித்துவிட்டு வந்திருந்த எனக்கு அது மனப்பிரமை மாதிரிப் பட்டது. அளந்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி. அவருடைய அறையின் தளம் 18 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஆடுகிற தளம். மெதுவாக வருகிற ரயிலின் சிலிப்பர் தாளம் அதன்மேல் நேராக விழுந்தது, விரைவு ரயிலின் தாளமோ 27ஐத் தாண்டி விலகிப்போனது. பாதையோரம் இருபது வருடம் இருந்தவருடைய உடம்பு ஒரு நல்ல கருவி. குடியிருப்பவர்களிடம் பேசாமல் அளவீட்டைத் தொடங்காதீர்கள்.

கட்டிய தளம் என்றால் அதன் அதிர்வெண்ணை அறிய எளிய வழி, அறையின் நடுவில் நின்று குதிக்காலை உயர்த்தி, இரண்டு குதியையும் ஒரே நேரத்தில் தரையில் விடுவது. பக்கத்தில் வைத்த அதிர்வுமானியில் தளம் மணியடித்த மாதிரி ஆடி அடங்குவது பதியும், அந்த அலையின் தாளம்தான் உங்களுக்கு வேண்டியது. இந்த வேலைக்குப் போன்கூட ஓரளவு உதவும், ஏனென்றால் அடி பலமாக இருக்கிறது. பல போன்கள் செக்கனுக்கு 100 மாதிரிகள், அதாவது 100 அளவுகள், எடுக்கும், ஆகவே 50 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் நம்பலாம். ரயிலின் அதிர்வை அளக்க மட்டும் போனை நம்பவேண்டாம், அந்த நடுக்கம் போனின் சொந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னும் கட்டாத தளம் என்றால் வரைபடத்திலிருந்து எடுக்கலாம். தளம் தன் பாரத்தாலேயே நடுவில் எத்தனை மில்லிமீற்றர் தாழ்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வர்க்கமூலத்தால் 18 ஐ வகுத்துவிடுங்கள். 4 மில்லிமீற்றர் தாழ்ந்தால் 9 ஹேர்ட்ஸ். 1 மில்லிமீற்றர் என்றால் 18 ஹேர்ட்ஸ், அதாவது மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிற ரயிலின் சிலிப்பர் தாளத்துக்கு நேராகப் போய் நிற்கிறது. ஒரு வடிவமைப்பாளர் இந்த ஒரு வரியை மட்டும் ஆரம்பத்திலேயே போட்டுப் பார்த்திருந்தால், தளத்தின் தடிப்பையோ தூண்களின் இடைவெளியையோ கொஞ்சம் மாற்றி, பிறகு வருகிற எத்தனையோ சண்டைகளைத் தவிர்த்திருக்கலாம்.

நடுவில் இருக்கும் மண்

பாதையிலிருந்து கட்டடத்துக்கு அதிர்வைக் கொண்டுவருவது பெரும்பாலும் நில மேற்பரப்போடு ஓடும் அலைகள். தொலைவு கூடக் கூட உயர்ந்த அதிர்வெண்கள் சீக்கிரம் செத்துவிடும், தாழ்ந்தவை தப்பிப் போகும். அதனால்தான் பாதைக்குப் பக்கத்து வீட்டில் கண்ணாடி கிலுகிலுக்கும், நாலு ஒழுங்கை தள்ளியிருக்கும் வீட்டில் தொங்குகிற விளக்கு மட்டும் மெல்ல அசையும்.

கொழும்பு ஒரே மண் அல்ல. கரையோரம் மணல், உள்ளே போகப் போகக் கபுக்கல், களனி ஆற்றங்கரைப் பள்ளங்களிலும் சதுப்புகளிலும் மிக இளகிய சேறு. விறைப்பான தரைக்கு மேல் இளகிய படை ஒன்று கிடந்தால் அதற்கென்று ஒரு அதிர்வெண் உண்டு: படைக்குள் போகும் வெட்டு அலையின் (மண்ணைப் பக்கவாட்டாக அசைத்துக்கொண்டு போகிற அலையின்) வேகத்தை, தடிப்பின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். வேகம் செக்கனுக்கு 120 மீற்றர், தடிப்பு 3 மீற்றர் என்றால் 10 ஹேர்ட்ஸ். பாதை, மண், தளம் மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் வந்து நின்றால்தான் உண்மையான பிரச்சினை. துளையிட்டு மண் பார்த்த அறிக்கை அத்திவாரத்துக்காக எப்படியும் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் கணக்கு, ஒரு தாளில்

அமெரிக்காவின் ஃபெடரல் ட்ரான்ஸிட் நிர்வாகம் 2018 இல் வெளியிட்ட கைநூலில் ஒரு பொது முறை இருக்கிறது. இலங்கைக்காக எழுதப்பட்டது அல்ல, ஆனால் தொடங்குவதற்கு இதைவிடத் தெளிவானதை நான் பார்க்கவில்லை. அது அதிர்வைத் தரை அசைகிற வேகமாகக் கணக்கிட்டு டெசிபெலில் சொல்கிறது, செக்கனுக்கு ஒரு அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பது அதன் பூச்சியம்.

டீசல் இயந்திரம் இழுக்கிற ரயில், மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீற்றர், நல்ல நிலையில் உள்ள பற்றவைத்த பாதை, 15 மீற்றர் தூரம்: தரையில் ஏறக்குறைய 85 டெசிபெல். 30 மீற்றரில் அது 78. நம் நாட்டில் மின்சார ரயில் கிடையாது, ஆகவே டீசலுக்கான இந்த எண்கள்தான் பொருத்தம்.

இப்போது பாதையிலிருந்து 15 மீற்றரில் ஒரு நான்குமாடிக் கட்டடம், ரயில் வேகம் 40 என்று வைத்துக்கொள்வோம். வேகம் பாதியாவதால் 6 கழியுங்கள், 79. தண்டவாளம் மூட்டுப் போட்டதென்றால் 5 கூட்டுங்கள், 84. மண்ணிலிருந்து அத்திவாரத்துக்கு ஏறும்போது மூன்று நான்கு மாடிக் கல் கட்டடத்தில் 10 குறையும், 74. ஒவ்வொரு மாடிக்கும் 2 என்று, இரண்டு மாடி மேலே உள்ள அறைக்கு 4 குறைய 70. தளம் தன் அதிர்வெண்ணில் ஆடுவதற்காக 6 கூட்டினால் 76. இவ்வளவுதான்.

76 என்றால் என்ன? செக்கனுக்கு 0.16 மில்லிமீற்றர். மனிதர் உணரத் தொடங்குவது 65 அளவில். அந்தக் கைநூல் வீடுகளுக்கு வைக்கும் எல்லை, ஒரு நாளுக்கு 70 ரயில்களுக்கு மேல் போனால் 72, 30 முதல் 70 வரை என்றால் 75, அதற்கும் குறைவென்றால் 80. ஆகவே நேர அட்டவணையை எடுத்து எண்ணுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். நம்முடைய 76, பாதை நெரிசலானதென்றால் எல்லையைத் தாண்டுகிறது, குடியிருப்பவர்கள் முறையிடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

தேய்ந்த சக்கரமோ தட்டை விழுந்த சக்கரமோ இருந்தால் 10, கிளைப்பாதை பிரிகிற இடம் எதிரே இருந்தால் 10, அதிர்வை நன்றாகக் கடத்துகிற மண் என்றால் இன்னும் 10 கூட்ட வேண்டும். சக்கரமும் தண்டவாளமும் இரண்டுமே மோசம் என்று 10 ஐ இருமுறை கூட்டாதீர்கள், பெரியதை மட்டும் எடுங்கள். இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும், இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்தால் இரட்டிப்பு ஆகாதா என்று. ஒரே அளவுள்ள இரண்டு சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும்.

போய் அளப்பது

தாளில் வந்த எண்ணை அப்படியே அறிக்கையில் போடுவது நேர்மை அல்ல. வேறு நாட்டு ரயில், வேறு நாட்டு மண். ஒரு காலைப் பொழுதாவது இடத்துக்குப் போய் அளந்து, தரையில் கணக்கு சொன்னதற்கும் கருவி சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதை உங்கள் இடத்துக்கான திருத்தமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் காணி என்றால் கட்டடம் எழும்பப்போகிற கோட்டில் அளங்கள். அந்த அளவீடு ரயில், பாதை, மண் மூன்றையும் தனக்குள் விழுங்கி வைத்திருக்கிறது, நீங்கள் ஊகிக்க வேண்டியது அத்திவாரமும் தளமும் மட்டும்.

நில அதிர்வை மூன்று திசையிலும் பதிகிற ஜியோபோன் என்ற கருவி ஒன்று போதும், இரண்டு இருந்தால் மிக நல்லது, ஒன்று தூணடியில், மற்றது தளத்தின் நடுவில். செக்கனுக்கு 500 மாதிரிகளாவது எடுங்கள். மண்ணில் என்றால் மேல்மண்ணை அகற்றி முளையை இறுக்கமாக இறக்க வேண்டும். வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் வைக்கக்கூடாது. நான் ஒருமுறை அரைநாள் முழுக்க அளந்த பதிவைத் தூக்கியெறிய வேண்டி வந்தது, ஏனென்றால் கருவிக்குக் கீழே இருந்த தரை ஓட்டுக்கு அடியில் சாந்து பிடிக்காமல் வெற்றிடம் இருந்தது, தளத்துக்குப் பதிலாக அந்த ஓட்டைத்தான் அளந்திருக்கிறேன். அன்றிலிருந்து கருவியை வைக்கும் முன் நாணயத்தால் ஓட்டைத் தட்டிச் சத்தம் கேட்பேன்.

இரண்டு பாதைகளிலும் வருகிற ரயில்கள் சேர்த்துக் குறைந்தது பத்து, இயன்றால் இருபது. ஒவ்வொன்றுக்கும் நேரம், திசை, எந்தப் பாதை, இயந்திரம் இழுத்ததா அல்லது பவர்செட்டா, எத்தனை பெட்டி, வேகம், இவற்றைக் கையால் எழுதுங்கள். ரயில் இல்லாத நேரத்து அளவீடும் கட்டாயம் வேண்டும். ரயில் பாதையை ஒட்டிய மரைன் டிரைவ் வீதியில் வாகனங்கள் ஓடுகின்றன, கடல் அலையின் தாழ்ந்த நடுக்கமும் இருக்கிறது, அதனால் 2 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவது நல்லது. முடிந்தால் மழைக்காலத்தில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று இருமுறை அளங்கள், நிலத்தடி நீர் ஏறி இறங்குவது மணலின் நடத்தையை மாற்றும்.

பதிவை மூன்றிலொரு எண்மப் பட்டைகளாக, அதாவது ஒடுங்கிய அதிர்வெண் துண்டுகளாக, பிரித்துப் பார்க்கும்போதுதான் கதை தெரியவரும். மொத்த எண் 76 என்று சொல்வதைவிட, "16 முதல் 20 வரையுள்ள பட்டைகளில் குவிந்திருக்கிறது, அது சிலிப்பர் தாளமும் தளமும் சேர்ந்தது" என்று சொல்வது ஆயிரம் மடங்கு பயன். 40 முதல் 80 ஹேர்ட்ஸ் வரை ஒரு மேடு தெரிந்தால் அது பெரும்பாலும் சக்கரத்தின் பாரம் தண்டவாளத்தின் விறைப்போடு சேர்ந்து துள்ளுவது, மூட்டுகள் அதைத்தான் தட்டி எழுப்புகின்றன. யன்னல் கண்ணாடி அதிர்ந்து, தளத்தில் ஒன்றுமே பதியவில்லை என்றால் அது மண்வழியே வரவில்லை, இயந்திரத்தின் உறுமல் காற்றுவழியே வருகிறது, அத்திவாரத்தில் என்ன செய்தாலும் குறையாது.

புதுப் பாதையோ புதுக் கிளைப்பாதையோ வரப்போகிறது, ஆகவே அளக்க ரயிலே இல்லை என்றால், பாரம் ஒன்றைத் தெரிந்த விசையோடு தரையில் போட்டு, பல தூரங்களில் பதிந்து, அந்த மண் விசையை எப்படி அதிர்வாக மாற்றுகிறது என்று முதலில் எடுக்க வேண்டும். அப்புறம் அதே வகை ரயில் வேறு இடத்தில் தரும் விசையை அதில் ஏற்றுவது. இதற்கு ஆள், கருவி, அனுபவம் மூன்றும் வேண்டும், தனியாக முயலாதீர்கள்.

ஸ்டேஷன் கட்டடம் ஏன் வேறு

வீட்டுக்கு முன்னால் ரயில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகிறது. கோட்டையிலோ மருதானையிலோ ரயில் நிற்க வருகிறது. 40 இலிருந்து பூச்சியத்துக்கு வேகம் இறங்கும்போது சிலிப்பர் தாளமும் 18 இலிருந்து 14, 9, 5 என்று இறங்கிக்கொண்டே வருகிறது, கட்டடத்தில் எந்தத் தளத்துக்கு எந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் ஒரு கணம் அதன் முறை வந்தே தீரும். ஆகவே ஸ்டேஷனுக்கு மேலே அலுவலகமோ ஓய்வறையோ திட்டமிடும்போது "எங்கள் தளம் ரயிலின் தாளத்தில் விழாது" என்று தப்பிக்க முடியாது. ஆறுதல் என்னவென்றால், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ரயில் கொஞ்ச நேரமே தங்குகிறது, தளம் முழுமையாக ஆடத் தொடங்குவதற்குள் தாளம் நகர்ந்துவிடும், அதோடு வேகம் குறையக் குறைய அடியின் பலமும் குறைகிறது. கணக்கில் இதை ஒரு வேகத்துக்குப் போடாமல், 5 கிலோமீற்றர் படிகளாக 40 இலிருந்து 10 வரை போட்டு, மோசமானதை எடுங்கள்.

ஸ்டேஷன்களில் கிளைப்பாதைகளும் அதிகம். முனையிலுள்ள குறுக்குப் பாதைகளின் மேல் சக்கரம் இடைவெளியைத் தாண்டி விழுகிறது, அந்த இடத்துக்குப் பக்கத்துத் தூண்தான் முதலில் பார்க்க வேண்டிய தூண். நடைமேடையும் கட்டடத் தூணும் ஒரே கொங்கிறீட்டாக ஒட்டியிருந்தால் அதிர்வு மண்ணைத் தொடாமலே ஏறிவிடும், அப்போது மேலே சொன்ன அத்திவாரக் கழிவு 10 ஐக் கழிக்கக்கூடாது. மாடி ஏற ஏற 2 குறையும் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், மேல்மாடித் தளம் இலேசாகவும் இடைவெளி அகலமாகவும் இருந்தால் அங்கே திரும்பக் கூடுவதுண்டு.

கோட்டை ஸ்டேஷன் 1917 இல் திறந்தது. அவ்வளவு பழைய செங்கல் சுவரிலும் இரும்பு வேலைப்பாட்டிலும் வேலை செய்யும்போது மனிதரின் வசதியோடு கட்டடத்தின் பாதுகாப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் டின் 4150 என்ற தரவிதியின் மூன்றாம் பாகம், தாழ்ந்த அதிர்வெண்களில் அத்திவாரத்தில் குடியிருப்புக் கட்டடங்களுக்குச் செக்கனுக்கு 5 மில்லிமீற்றர் உச்ச வேகமும், பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களுக்கு 3 உம் வைக்கிறது. ஓயாமல் தொடர்கிற அதிர்வுக்கு மேல் தளத்தின் கிடை அசைவில் இவை 5 உம் 2.5 உம். நம்முடைய உதாரணத்தில் வந்த 0.16 என்பது சராசரி வகை அளவு, உச்சம் அதைப்போல நான்கு மடங்கு என்று எடுத்தால் 0.64. எல்லைக்கு எவ்வளவு கீழே என்று பாருங்கள்!

இதைத்தான் பயந்திருக்கிற குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது. உடம்பு உணருகிற அளவு வேறு, சுவர் உடைகிற அளவு வேறு, இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. கீறலுக்குக் காரணம் பெரும்பாலும் அத்திவாரம் அமிழ்வது, வெயிலில் கொங்கிறீட் விரிவது, பக்கத்துக் காணியில் பைல் அடித்தது. ஆனாலும் கீறலின் இரு பக்கமும் பென்சிலால் குறி வைத்து, திகதி எழுதி, மாதாமாதம் அளந்து வரச் சொல்வேன். பயத்தை வாயால் தள்ளிவிடக்கூடாது, அளந்து காட்ட வேண்டும். இலங்கையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் இடைக்கால அதிர்வு அளவுகோல்கள் உள்ளன, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதிர்வு அளவீடு செய்கிறது, அதிகாரபூர்வ அறிக்கை தேவைப்பட்டால் அந்த வழிதான்.

பாலம்

பாலத்தின் கதை மண்ணில்லாத கதை. 1847 இல் இங்கிலாந்தின் செஸ்டருக்குப் பக்கத்தில் டீ ஆற்றின் மேல் இருந்த வார்ப்பிரும்புப் பாலம் ரயிலோடு உடைந்து விழுந்த பிறகுதான், ஓடுகிற பாரம் நிற்கிற பாரத்தைவிட எவ்வளவு அதிகம் வளைக்கும் என்று ஒழுங்காகக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். இன்றைய ஐரோப்பிய விதி எளிமையானது: இரண்டு முனையில் தாங்கிய பாலம் தன் நிரந்தரப் பாரத்தால் நடுவில் எத்தனை மில்லிமீற்றர் தாழ்கிறதோ அதன் வர்க்கமூலத்தால் 17.75 ஐ வகுத்தால் அதன் அதிர்வெண். 3 மில்லிமீற்றர் என்றால் 10 ஹேர்ட்ஸை ஒட்டி வரும்.

பெட்டிகள் ஒரே நீளத்தில் வரிசையாக வருவதால் பாலத்தை ஊஞ்சல் தள்ளுவதுபோலத் தள்ளக்கூடும். அதிர்வெண்ணைப் பெட்டி நீளத்தால் பெருக்கி, 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டு போனால் ஆபத்தான வேகங்கள் வரும். 10 ஹேர்ட்ஸ், 20 மீற்றர் பெட்டி என்றால் நான்கால் வகுத்தாலும் செக்கனுக்கு 50 மீற்றர், மணிக்கு 180 கிலோமீற்றர். அந்த வேகத்தில் இங்கே ரயில் ஓடுவதில்லை. அதற்கும் கீழே வருகிற பங்குகள் பலவீனமானவை. ஆகவே வெள்ளவத்தை வாய்க்கால் கடலில் சேர்கிற இடத்தில் உள்ளது மாதிரியான சின்னப் பாலத்துக்கு ஒத்ததிர்வைத் தேடி நாட்களைச் செலவழிக்க வேண்டாம்.

அங்கே பார்க்க வேண்டியது பாலம் தொடங்குகிற இடம். மண்ணில் இளக்கமாக வந்த பாதை திடீரென்று விறைப்பான பாலத்தில் ஏறுகிறது, முனையில் சல்லி அமிழ்கிறது, சிலிப்பர் தொங்குகிறது, ஒவ்வொரு சக்கரமும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுகிறது. அருகிலுள்ள வீட்டுக்கு வருகிற அடி அங்கிருந்துதான். சல்லி போடாத இரும்புப் பாலம் என்றால் சத்தமும் தனி, சாதாரணப் பாதையைவிட 10 டெசிபெலுக்கு மேலேகூடக் கூடும், இரும்புத் தகடுகளே ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிடுகின்றன. பாலத்தின் நடுவிலும் தாங்கியிலும் முனைக்கு 5 மீற்றர் முன்னாலும் என்று மூன்று இடத்தில் அளந்தால் எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிடலாம். பாலத்தில் ஏறி அளப்பதற்கு அனுமதியும், கொடி பிடிக்க ஆளும் வேண்டும்.

பெரிய இரும்புப் பாலத்துக்கு வெறும் நகரும் பாரமாக எடுக்காமல் பெட்டியின் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கணக்கு மாதிரியைப் போடுங்கள், இரும்புப் பாலம் மிகக் குறைவாகவே அதிர்வைத் தணிக்கும், 20 மீற்றருக்கு மேற்பட்டவற்றுக்கு 0.5 வீதம்தான் எடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய விதி, பலப்படுத்திய கொங்கிறீட்டுக்கு 1.5. இந்த ஒரு எண்ணை மாற்றிப் போட்டால் விடை எங்கேயோ போய்விடும்.

அறிக்கையில் என்ன எழுதுவது

ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். "படுக்கையறைத் தளத்தில் 70 முதல் 78 வரை, பெரும்பாலும் 75 ஐ ஒட்டி" என்று எழுதுங்கள், அந்த வீச்சு எதனால் என்றும் எழுதுங்கள்: இந்த இரண்டு டெசிபெல் வேகத்தால், இந்த ஐந்து மூட்டால், இது தளத்தால். அப்போது படிக்கிறவருக்கு எதை மாற்றினால் எவ்வளவு குறையும் என்று தெரியும். தளத்தின் தடிப்பைக் கூட்டுவதா, தூணுக்குக் கீழே ரப்பர் வைப்பதா, படுக்கையறையைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுவதா என்று பேசலாம். வரைபடம் இன்னும் தாளில் இருக்கும்போது படுக்கையறையை மாற்றுவதற்குச் செலவே இல்லை, பலர் கடைசியாகத்தான் அதை யோசிக்கிறார்கள்.

கட்டி முடிந்து ஆட்கள் குடியேறிய பிறகு அதே ஜியோபோனோடு திரும்பிப் போய், தாளில் எழுதிய அதே இடங்களில், அதே வகை ரயில்களுக்கு அளந்து, முன்பு சொன்னதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது நிரலாக எழுதி வையுங்கள். மூன்று நான்கு கட்டடங்களுக்கு இப்படிச் செய்தவரிடம் கொழும்பு மண்ணுக்கான சொந்தத் திருத்த எண்கள் இருக்கும், பாதையோரத்தில் அடுத்த கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறவர் தேடி வருவது அந்தத் தாளைத்தான்.